உங்களுக்குத் தெரியுமா? 19 வயதில் கேப்டன்!

இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமை ஏற்றபோது சென்னைப் பெண் அனிதா பால்துரைக்கு வயது வெறும் 19!

● 2000-இல் தொடங்கி 2017 வரை இந்திய அணிக்கு ஆடினார். ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் மட்டும் ஒன்பது முறை களம் கண்டார்.

● குழந்தை பிறந்ததும் ஆட்டம் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். 2017-இல், 32 வயதில், மீண்டும் இந்திய ஜெர்சி அணிந்தார். பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவின் இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என வீழ்த்தித் தங்கம் வென்றது அந்த அணி.

● தெற்கு ரயில்வே ஊழியர். பிறகு பயிற்சியாளர். 2021-இல் பத்மஸ்ரீ.

● ஆடியவரே பயிற்சியாளராகிச் சாதிப்பது பிரான்சிலும் உண்டு. முன்னாள் வீரர் வின்சென்ட் கொலே பயிற்சியில் பிரான்ஸ் ஆண்கள் அணி டோக்கியோ, பாரிஸ் என அடுத்தடுத்த இரு ஒலிம்பிக்கிலும் வெள்ளி வென்றது. இரண்டு இறுதியிலும் எதிரணி அமெரிக்கா!

● பாண்டுப்வாசிகளே, கூடைப்பந்தை நேரில் பார்க்க ஆசையா? சென்ட்ரல் லைனில் ரயிலேறி மாட்டுங்காவில் இறங்குங்கள். அங்குள்ள இந்தியன் ஜிம்கானா இந்த ஆட்டத்துக்குப் பேர்போனது.