பெயருக்குள் ஒரு தறி



அண்மையில் எமது பெண்கள் நிலையத்துக்கு அக்கா ஒருவர் படிவம் ஒன்றுடன் வந்தார். எங்களிடம் கைத்தறி நெய்பவர் அவர். யுத்தத்தில் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்த்து ஆளாக்கியவர். வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்த்து வருவதற்கான விசாப் படிவம் அது. முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது.

"பிள்ளை, 'சேர்நேம்' எண்டு ஒரு பெட்டி கிடக்குது. இதுக்குள்ளை ஆற்றை பேரை எழுதுறது? அப்பாவின்ரையோ, இவற்றையோ?" என்று கேட்டார்.

எங்களுக்குள் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர் என்ற வழக்கம் பெரும்பாலும் இல்லை. பிறந்தவுடன் தகப்பன் பெயர், திருமணத்தின் பின் கணவன் பெயர். கடவுச்சீட்டில் உள்ளபடி நிரப்பிவிட்டு அடுத்த பெட்டிக்கு வந்தேன். அது 'தொழில்'.

"அதுக்கு ஒண்டுமில்லை எண்டு போடு பிள்ளை. நான் வீட்டிலை இருக்கிற பொம்பிளைதானே" என்றார் அக்கா.

நான் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். அவருடைய விரல்களில் அன்று காலை நெய்த நூலின் சாயம் அப்படியே இருந்தது.

எமது அலுமாரியில் தடித்த பழைய ஆங்கில அகராதி ஒன்று உண்டு. அதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அட்டையில் 'வெப்ஸ்ரர்' என்று எழுதியிருந்தது. "அக்கா, இதுவும் ஒரு குடும்பப் பெயர்தான். இதுக்குக் கருத்து என்ன தெரியுமோ? நெசவு செய்யிற பொம்பிளை" என்றேன். அவர் நம்பவில்லை. அன்று அவருக்குச் சொன்ன கதையை உங்களுடனும் பகிர்ந்துகொள்கிறேன்.

தொழில் பெயரானது

ஒரு காலத்தில் ஆங்கிலேயருக்கும் குடும்பப் பெயர் இருக்கவில்லை. ஒருவருக்கு ஒரு பெயர் மட்டுமே. 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், முதலில் நிலவுடைமையாளர்களிடம் இந்த வழக்கம் பரவியது. பிறகு மெல்ல மெல்லச் சாதாரண மக்களிடமும் வந்தது. ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருந்தால் எப்படி அடையாளம் காண்பது? தகப்பன் பெயரைச் சேர்த்தார்கள். ஜோனின் மகன் ஜோன்சன் ஆனான். இருந்த இடத்தைச் சேர்த்தார்கள்; குன்றடியில் வாழ்ந்தவர் ஹில் ஆனார். தொழிலையும் சேர்த்தார்கள், கொல்லன் ஸ்மித் ஆனான்.

பழைய ஆங்கிலத்தில் 'வெப்' என்றால் நெய்த துணி. சிலந்தி பின்னும் வலைக்கும், இன்று நாம் சொல்லும் இணையத்துக்கும் அதே சொல்தான் வந்திருக்கிறது. நெசவு செய்யும் ஆணை 'வெப்பா' என்றார்கள். நெசவு செய்யும் பெண்ணை 'வெப்பெஸ்ரெ' என்றார்கள். அந்தச் சொல்லே காலப்போக்கில் வெப்ஸ்ரர் ஆயிற்று. கடைசியில் வரும் 'ஸ்ரர்' என்ற விகுதி, எங்கள் 'தையற்காரி' என்பதில் உள்ள 'காரி' போலப் பெண்ணைக் குறிப்பது.

இது போல இன்னும் பெயர்கள் உள்ளன. பாண் சுடும் பெண் 'பக்ஸ்ரர்'. 'ஏல்' என்ற பானத்தை வீட்டில் காய்ச்சி விற்ற பெண் 'புறூஸ்ரர்'. இவையும் இன்றுவரை குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன.

1379இல் யோர்க்ஷயரில் தலைவரிக்காக எழுதப்பட்ட பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் வெப்ஸ்ரர் என்ற சொல்லையும் காணலாம். ஆனால் அக்காலத்துக்குள் இங்கிலாந்தின் வடபகுதியில் ஆண் நெசவாளரையும் அதே சொல்லால் அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகையால் வெப்ஸ்ரர் என்ற பெயருள்ள எல்லோருக்கும் மூதாதை ஒரு பெண் என்று சொல்ல முடியாது. தெற்கில் அதே தொழிலுக்கு 'வெப்', 'வெபர்' என்ற பெயர்களே அதிகம். வடக்கிலும் ஸ்கொட்லாந்திலும் வெப்ஸ்ரர் நிலைத்தது.

தறி கைமாறியது

பெண்ணைக் குறித்த சொல் ஆணுக்கு எப்படிப் போனது? தறியைப் பார்த்தால் விளங்கும். முற்காலத்தில் நூலின் நுனியில் பாரம் கட்டி நிமிர்த்தி வைத்த தறியில் பெண்கள் வீட்டில் நெய்தார்கள். பின்னர் காலால் மிதித்து நெய்யும் கிடைத்தறி வந்தது. அதில் கூடுதலாக நெய்யலாம், சந்தையில் விற்கலாம். பணம் வந்ததும் நகரங்களில் நெசவாளர் சங்கங்கள் அமைந்தன. அவை ஆண்களின் கைக்குள் இருந்தன.

1461இல் பிறிஸ்ரல் நகர நெசவாளர்கள் ஒரு விதியைக் கொண்டுவந்தார்கள். நெசவாளர் எவரும் தமது மனைவியையோ, மகளையோ, வேலைக்காரப் பெண்ணையோ தறியில் அமர்த்தக் கூடாது என்பதே அந்த விதி. அதற்கு அவர்கள் சொன்ன நியாயம் என்ன? அரசனின் யுத்தத்துக்குப் போகக்கூடிய ஆண்கள் வேலையில்லாமல் அலைகிறார்களாம். அந்த மனைவிமாரும் மகள்மாரும் தொழில் தெரியாதவர்கள் அல்லர். தெரிந்தபடியால்தான் தடுக்க வேண்டியிருந்தது.

'ஏல்' காய்ச்சும் தொழிலுக்கும் இதே கதிதான். 1300ஆம் ஆண்டளவில் அது பெரும்பாலும் பெண்களின் தொழில். 1600ஆம் ஆண்டளவில் பெரும்பாலும் ஆண்களின் தொழில்.

பெண்களிடம் நூல் நூற்கும் வேலை மிஞ்சியது. நூற்பவள் 'ஸ்பின்ஸ்ரர்'. உழைப்பைக் குறித்த இந்தச் சொல், 17ஆம் நூற்றாண்டில் மணமாகாத பெண்ணைக் குறிக்கும் சட்டச் சொல்லாகியது. பிறகு கேலிச் சொல்லாகவும் தேய்ந்தது. இங்கிலாந்தின் திருமணப் பதிவுகளிலிருந்து 2005இல்தான் அது நீக்கப்பட்டது.

தையல் பழகும் சகோதரிகளுக்கு இன்னொரு செய்தி. தைப்பவளை ஆங்கிலத்தில் 'சீம்ஸ்ரர்' என்றார்கள். 'ஸ்ரர்' என்பது பெண்ணைக் குறிக்கிறது என்பதே மறந்துபோனதால், அதன் மேல் இன்னொரு பெண் விகுதியை ஒட்டி 'சீம்ஸ்ரஸ்' ஆக்கினார்கள். ஒரே பெண்ணை இரண்டு தரம் சொல்ல வேண்டி வந்தது!

அகராதி தொகுத்த நோவா வெப்ஸ்ரர் 1758இல் அமெரிக்காவில் பிறந்தவர். 1828இல் அவர் வெளியிட்ட பேரகராதியில் ஏறத்தாழ 70,000 சொற்கள் இருந்தன. இன்று வெப்ஸ்ரர் என்றதும் அகராதியே நினைவுக்கு வருகிறது. அந்தச் சொல்லுக்குள் தறியில் இருந்த பெண்ணை யார் நினைக்கிறார்கள்?

பெட்டிக்குள் என்ன எழுதுவது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 முதல் திருமணப் பதிவில் மணமக்களின் தகப்பன்மாருடைய பெயரையும் தொழிலையும் மட்டுமே எழுதினார்கள். தாயின் பெயரும் தொழிலும் பதியப்படுவது 2021 மே மாதத்தில்தான் தொடங்கியது. 184 ஆண்டுகளாக எத்தனை தாய்மார் நூற்றிருப்பார்கள், தைத்திருப்பார்கள், பாண் சுட்டிருப்பார்கள்! அந்தக் கடதாசிகளில் அவர்களுக்கு ஓர் இடமும் இருக்கவில்லை.

எழுதாமல் விட்டால் வேலை இல்லாததாகிவிடும், சகோதரிகளே. எங்கள் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? விடிய எழும்பி இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கிறோம். கோழி வளர்க்கிறோம், தோட்டம் செய்கிறோம், தைக்கிறோம். யாராவது வந்து கேட்டால் "சும்மா வீட்டிலை இருக்கிறன்" என்கிறோம். கடன் கேட்கப் போனாலும், உதவித் திட்டத்துக்குப் பதிந்தாலும் அந்தச் 'சும்மா' என்ற சொல் எங்களுக்கு எதிராக நிற்கிறது.

கதையைக் கேட்டு முடித்த அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அகராதியை மூடி என் பக்கம் தள்ளினார்.

"அப்ப, நெசவு எண்டே எழுது பிள்ளை. பதினொரு வருசமா நெய்யிறன் எண்டும் எழுத இடமிருக்கோ?"

இடம் கொஞ்சம்தான் இருந்தது. 'கைத்தறி நெசவாளர்' என்று ஆங்கிலத்தில் நெருக்கி எழுதினேன். அவர் அதன் கீழே தன் பெயரைத் தமிழில் எழுதி ஒப்பமிட்டார்.

அடுத்த முறை உங்கள் கைக்கு ஒரு படிவம் வரும்போது, தொழில் என்ற பெட்டியை வெறுமையாக விடாதீர்கள். நீங்கள் செய்வதை எழுதுங்கள்.