டப்பாவுக்குள் ஒரு வெள்ளி ரூபாய்

பழங்காசு சேகரிப்பவர்களிடம் '1939' என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. ஆறாம் ஜார்ஜ் தலை பொறித்த அந்த ஆண்டு வெள்ளி ரூபாய் அத்தனை அரிது. முந்தைய ஆண்டு ரூபாய்க்கு அந்த மவுசு கிடையாது. அதனால் 1938இன் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கும் கைவேலை பல காலமாக நடக்கிறது. அப்படித் திருத்திய காசை மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் எந்த நகைக்கடைத் தராசில் வைத்தாலும் தேய்மானம் போக 11.66 கிராமை ஒட்டித்தான் காட்டும். டச் பார்த்தால் வெள்ளி 91.7 சதவீதம் வரும். சுண்டினால் கணீரென்று ஒலிக்கும். உலோகம் அசல், எடை அசல், ஆண்டு மட்டும் பொய். பொற்கொல்லரால் இதைப் பிடிக்க முடியாது.

தரச்சான்று நிறுவனங்களுக்கு வேலை இருப்பது இங்கேதான். அமெரிக்காவில் 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி தொடங்கப்பட்டன. காசு அசலா, எழுத்தோ ஆண்டோ திருத்தப்பட்டதா, கழுவித் துடைக்கப்பட்டதா என்று உருப்பெருக்கியில் பார்த்து, 1 முதல் 70 வரை மதிப்பெண் போட்டு, உடைக்காமல் திறக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவார்கள். சேகரிப்பாளர்கள் ஸ்லாப் என்பார்கள், பேச்சுவழக்கில் டப்பா. மதிப்பெண் 60ஐத் தொட்டால் புழக்கத்துக்கே போகாத காசு என்று பொருள். 63க்கும் 65க்கும் உள்ள வித்தியாசம் சாதாரணக் கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் சில காசுகளில் விலை மடங்குக்கணக்கில் ஏறிவிடும்.

நம் வீட்டுப் பூஜைத் தட்டில் இருக்கும் விக்டோரியா ரூபாய்களுக்கு இந்த மதிப்பெண் கிடைப்பது கடினம். ஆடிக்கும் தைக்கும் விபூதி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மேற்பரப்பில் மயிரிழைக் கீறல்கள் விழுந்திருக்கும். அப்படிக் கழுவித் தேய்த்த காசுக்கு எண் தரமாட்டார்கள். உறையில் 'டீடெயில்ஸ்' என்று எழுதி, சுத்தம் செய்யப்பட்டது எனக் குறித்துவிடுவார்கள். விற்பவர் உறையை மட்டும் காட்டி, அந்தக் குறிப்பைக் கட்டைவிரலால் மறைத்தபடி புகைப்படம் அனுப்பினால் அங்கேயே பேரத்தை நிறுத்திவிடலாம்.

உறைக்குள் இருக்கும் காசை நிறுக்க முடியாது, சுண்ட முடியாது, டச் பார்க்க முடியாது. நமக்குத் தெரிந்த சோதனைகளை எல்லாம் கைவிட்டு ஒரு நிறுவனத்தின் சொல்லை நம்புகிறோம். போலிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் இப்போது உறையையே போலியாகச் செய்கிறார்கள். அதில் போடும் சான்று எண்ணும் கற்பனை இல்லை, வேறொரு அசல் காசின் எண். எனவே நிறுவனத்தின் இணையதளத்தில் எண் இருக்கிறது என்று பார்த்துத் திருப்தி அடைவது பாதி வேலைதான். அங்கே காசின் படம் இருந்தால் அதையும் கையில் இருப்பதையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கீறலையும் நிற மாற்றத்தையும் ஒப்பிட வேண்டும். படம் இல்லாத எண்ணுக்குப் பெரிய தொகை கொடுப்பது என் பார்வையில் வீண் துணிச்சல். பெயர் தெரியாத நிறுவனங்களும் இதே மாதிரி டப்பாவில் 70 மதிப்பெண் போட்டுத் தருகின்றன. அந்த எண்ணுக்குச் சந்தையில் மரியாதை இல்லை. நேற்றுவரை சில்லறையாகப் புழங்கிய ஐந்து ரூபாய் நாணயத்தை உறையில் போட்டு ஆயிரங்களில் விற்பதும் நடக்கிறது. வாங்குபவர் கொடுப்பது பிளாஸ்டிக்கின் விலை.

பில், திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுத்துமூல உறுதி, வங்கி வழியாகப் பணம். இந்த மூன்றுக்கும் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். முன்பணம் மட்டும் அனுப்புங்கள் என்பவரிடம் பேசவே வேண்டாம்.

இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாத மோசடிகளும் இருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி 1818இல் வெளியிட்டதாக ராமர், சீதை, அனுமன் உருவம் போட்ட செம்புக் காசு கிராமம் கிராமமாகச் சுற்றுகிறது. கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை. அது அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது, வெளிநாட்டில் கோடிக்கு எடுப்பார்கள் என்று கதைகட்டிப் பணம் கறந்த வழக்குகள் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் பல உண்டு. 2012 என்று ஆண்டும் வைஷ்ணோ தேவி உருவமும் பொறித்த ஐந்து ரூபாய்க்கு லட்சம் தருவதாகக் கூறி, அதற்கு முன் கமிஷன் கட்டு, வரி கட்டு என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரும் முத்திரையும் இதில் பயன்படுத்தப்பட்டதால், பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் தனக்குத் தொடர்பில்லை, இதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டில் அது அறிக்கையே விட வேண்டி வந்தது.

மதுரைக்காரர்களுக்கென்றே ஒரு சபலம் உண்டு: பாண்டியர் காசு. திருமங்கலத்தில் இருந்த அமெரிக்க மிஷன் பாதிரியார் ஜே. இ. டிரேசி 1880களிலேயே பாண்டியர் காசுகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். வைகை மணலில் சங்ககாலச் செம்புக் காசும் ரோமானியரின் சிறு செம்புக் காசும் கிடைத்திருக்கின்றன. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த சதுரச் செம்புக் காசை 1980களில் அடையாளம் கண்டார். சங்ககால மன்னர்கள் காசு வெளியிட்டார்களா என்ற நெடுநாள் கேள்விக்கு அது விடை. களிம்பேறி, ஓரம் தேய்ந்த காசு அது. எழுபதுக்கு எத்தனை என்ற கணக்கு அதனிடம் செல்லாது. என்ஜிசியும் பண்டைய காசுகளுக்கு எழுபது மதிப்பெண் முறையைப் பின்பற்றாமல், அச்சு விழுந்த விதத்துக்கு ஐந்து, மேற்பரப்புக்கு ஐந்து என்று தனியாகத்தான் போடுகிறது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வியாபாரம் செய்யக்கூடாது. தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. காசில் பொறித்த யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியதால் மாற்றப்பட்ட 1911ஆம் ஆண்டு 'பன்றி ரூபாய்' உங்களிடம் இருந்தாலும், மதிப்பெண் வாங்க நினைத்த மாத்திரத்தில் அமெரிக்காவுக்குத் தபாலில் போட்டுவிட முடியாது. 1939 ரூபாய்க்கு இன்னும் நூறு ஆகவில்லை என்பதால் அது இந்தக் கட்டுப்பாட்டில் வராது.

"தோட்டத்தில் உழும்போது கிடைத்தது, வெளியே சொல்லாதீங்க அண்ணே" என்று யாராவது பாண்டியர் காசை நீட்டினால் இரண்டில் ஒன்றுதான். பொய் என்றால் அது போன வாரம் வார்த்துக் களிம்பேற்றிய போலி. உண்மை என்றால் அது புதையல். மண்ணில் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.