வலிக்குதுன்னு சொல்லத் தெரியாதவர்களின் வலி

லாக்கில் எரர் எதுவும் பதிவாகவில்லை என்பதால் புரோகிராமில் பிழையே இல்லை என்று ஆகிவிடாது. பிழையை எழுத வேண்டிய பகுதியே படுத்திருக்கலாம். டிமென்ஷியா வந்த முதியவர்களின் வலியைப் பற்றிப் படிக்கும்போது இதுதான் திரும்பத் திரும்பத் தோன்றியது. முட்டித் தேய்மானமும் சொத்தைப்பல்லும் அவர்களுக்கும் வலிக்கத்தான் செய்யும். "எங்க வலிக்குது?" என்று கேட்டால்தான் பதில் வராது.

வருவது வேறு. குளிப்பாட்டும்போது கையைத் தட்டிவிடுவாங்க, சட்டை மாட்டும்போது கத்துவாங்க, ராத்திரி தூங்க மாட்டாங்க. 'நோய் முத்திடுச்சு' என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அடுத்தது அமைதிப்படுத்த ஒரு மாத்திரை. அந்தக் கலக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பு உடைகிற ஆபத்தும் உண்டு.

நார்வேயில் 18 முதியோர் இல்லங்களில், நடத்தைச் சிக்கல் இருந்த 352 டிமென்ஷியா நோயாளிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஒரு பிரிவினருக்கு 8 வாரம் முறையாக வலிமருந்து; அதில் பெரும்பாலானோருக்கு வெறும் பாராசிட்டமால்தான். வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்களின் ஆவேசம் சுமார் 17% குறைந்தது. எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம்: மருந்தை நிறுத்தியதும் ஆவேசம் திரும்பவும் ஏறியது. ரோல்பேக் பண்ணிப் பார்த்த மாதிரி! போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடவில்லை என்பது ஒரு குறைதான்.

சரி, வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? 2003இல் அமெரிக்காவில் வெளியான 'பெய்னாட்' என்ற அளவுகோல் ஐந்தைக் கவனிக்கச் சொல்கிறது: மூச்சு, முனகல், முகம், உடல் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 10. சும்மா படுத்திருக்கும்போது மட்டும் பார்த்தால் பல வலிகள் தப்பிவிடும். எழுப்பும்போது, திருப்பும்போது, உடை மாற்றும்போதும் பாருங்கள். பயத்தாலும் மதிப்பெண் ஏறலாம் என்பதால் இது தீர்ப்பு அல்ல, துப்பு.

வலி என்று தெரிந்ததும் மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் வாங்கி வந்துடாதீங்க. வயதானவர்களுக்கு அது வயிற்றில் ரத்தக்கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கலாம். சில பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து கூடும். பாராசிட்டமாலுக்கும் உச்சவரம்பு உண்டு, பல கூட்டு மாத்திரைகளில் அது ஏற்கெனவே கலந்திருக்கும்.

டாக்டரிடம் போகும்போது 'ரொம்ப அடம்பிடிக்கிறாங்க' என்று சொல்வதைவிட, 'நாலு நாளா வலது கையைத் தூக்கினா மட்டும் கத்துறாங்க' என்று சொல்ல ஒரு நோட்டு போதும்.