இரண்டு லியர்கள்

ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ 1608இல் சிறு நூலாக வந்தது. அவர் இறந்தபின் 1623இல் பெருந்தொகுப்பில் மறுபடி அச்சேறியது. இரண்டையும் அருகருகே விரித்து வாசிப்பது என் வழக்கம். முந்தையதில், கண்கள் பிடுங்கப்பட்ட குளோஸ்டரின் இரத்தம் வழியும் முகத்துக்கு முட்டை வெள்ளைக்கருவால் மருந்திட இரண்டு வேலைக்காரர்கள் முன்வருகிறார்கள். பிந்தையதில் அந்தப் பேச்சே இல்லை. கொடுமை ஆறுதலின்றி முடிகிறது. சித்தம் கலங்கிய லியர் மகள்களைக் கற்பனையாக விசாரிக்கும் பகுதியும் போய்விட்டது. நாடகத்தின் கடைசிப் பேச்சு 1608இல் ஆல்பனிக்கு, 1623இல் எட்கருக்கு. திருத்தியவர் ஷேக்ஸ்பியரே என்பது பல அறிஞர்களின் கருத்து. இருக்கட்டும், எனக்கு அந்த வேலைக்காரர்கள் வேண்டும். 1986இல் வந்த ஆக்ஸ்போர்டு பதிப்பு இரண்டையும் தனித்தனியாகவே அச்சிட்டது. மொழிபெயர்ப்பாளர்களே, எந்தப் பதிப்பைப் பின்பற்றினீர்கள் என்று முன்னுரையில் சொல்லுங்கள்.