உணர்ச்சி மரத்துப்போதல்

கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. அவ்வாழத்தில் பாறை திடீரென வெடித்துச் சிதறும்போது, மேலேயுள்ள குடியிருப்புகளும் அதிர்வதுண்டு. ஆகவே எதிர்பாராத சாவு அந்நகரத்தாருக்குப் புதிதன்று. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. அக்குடும்பத்துப் பிள்ளைகள் பலர் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குப் படிப்பிற்கும் வேலைக்கும் சென்றுவரலாயினர்.

அத்தகைய மாணவன் ஒருவன் தந்தையை இழந்ததாகக் கொள்வோம். ஈமச்சடங்கில் அவன் கண் கலங்கவில்லை. சில நாட்களில் கல்லூரிக்குச் செல்கிறான், தேர்வும் எழுதுகிறான். நண்பர் சிரிக்கையில் மகிழ்ச்சி தோன்றுவதில்லை. தாய் அழுகையில் துயரமும் தோன்றுவதில்லை. உறவினர் அவனைக் கல்நெஞ்சன் என்கின்றனர். நாளடைவில் அவனும் அதனை நம்பிவிடுகிறான். எனவே எவரிடமும் தன் நிலையைக் கூறுவதில்லை.

இந்நிலையைத் தம்மிடத்திலேயே கண்டு எழுதியவர் டோக்கியோவில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் ஏர்வின் பெல்ட்ஸ் ஆவார். 1894-ஆம் ஆண்டுப் பூகம்பத்தின்போது அவருடைய அறிவு தெளிவாக இருந்தது. ஆனால் அச்சமோ, குடும்பத்தாரைப் பற்றிய கவலையோ சிறிதும் எழவில்லை. 1901-இல் அவர் இதற்கு இட்ட பெயரை ‘உணர்ச்சி முடக்கம்’ என மொழிபெயர்க்கலாம். எனினும் மக்கள் வழங்கும் ‘மரத்துப்போதல்’ என்னும் சொல்லே இதற்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. மரத்த கால் இல்லாத கால் அன்றே.

அச்ச உணர்ச்சியைக் கிளப்புவதில் அமிக்டலா என்னும் மூளைப் பகுதிக்குப் பெரும் பங்குண்டு. உணர்ச்சி மரத்தவர் சிலரிடம் மூளையின் முன்பகுதி அதனை அளவு மீறி அடக்கி வைப்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அச்சத்துடன் அன்பும் மகிழ்ச்சியும் மங்கிவிடுவதே இதன் தொல்லை.

பெரும்பாலோரிடம் இது சில நாட்களிலோ வாரங்களிலோ நீங்கிவிடும். அழும்படி வற்புறுத்துவதால் பயனில்லை. வேளைக்கு உணவு, உறக்கம், கேள்வி கேட்காது உடனிருக்கும் ஒருவர் ஆகியவை உதவும், மது உதவாது. ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்தால், அல்லது தீய கனவுகளும் உறக்கமின்மையும் சேர்ந்தால், மருத்துவரை நாடுதல் வேண்டும். மனச்சோர்வு நோயிலும் இவ்வாறு நிகழ்வதுண்டு; இரண்டையும் பிரித்தறிவது மருத்துவர் கடமை. உயிர்மீது வெறுப்புத் தோன்றின் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.