எலெக்ட்ரான்: ஒன்றும் கூட்டமும்

காயலான் கடைப் பக்கம் போனால் பழைய டிவிப் பெட்டியின் பிக்சர் ட்யூப் இன்றும் கண்ணில் படும். கழுத்து ஒடுங்கி முகம் அகன்ற அந்தக் கண்ணாடிக் குடுவைக்குள் ஓடியது கேதோடு கதிர். பக்கத்திலேயே ஒரு டிரான்சிஸ்டரும் கிடக்கலாம். (உள்ளே இருக்கும் சின்ன உறுப்பின் பெயர் நம்மூரில் முழு ரேடியோவுக்கும் ஆகிவந்துவிட்டது.) இரண்டிலும் வேலை செய்வது எலெக்ட்ரான் என்கிறது பள்ளிப் புத்தகம். சரிதான். ஆனால் 'அதே' எலெக்ட்ரானா?

இது வெறும் இயற்பியல் கேள்வி அல்ல. பகுதியை அறிந்துவிட்டால் முழுமையை அறிந்ததாகிவிடும் என்பது ஒரு தரப்பு. அறிவியல் உண்மை என்பதும் மற்றுமொரு கதையாடல்தான் என்பது இன்னொரு தரப்பு. இருவரும் எலெக்ட்ரானைத் தத்தமக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். அது இருவருக்கும் சாட்சி சொல்வதில்லை என்பதே இங்கு சொல்ல வருவது.

முதலில் கேதோடு கதிர். அது ஈதரில் எழும் அலை என்றார்கள் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பலர். மின்னேற்றம் கொண்ட துகள் என்றார்கள் ஆங்கிலேயர்கள். 1883-ல் ஹெர்ட்ஸ் மின்புலத்தில் கதிரைச் செலுத்திப் பார்த்தார், அது வளையவில்லை. எனவே துகள் இல்லை என்று முடிவு கட்டினார். 1897-ல் ஜே.ஜே. தாம்சன் குடுவையிலிருந்து காற்றை இன்னும் நன்றாக உறிஞ்சி எடுத்தார். கதிர் வளைந்தது. மிச்சமிருந்த வாயுதான் மின்கடத்தியாகி மின்புலத்தை மறைத்துக்கொண்டிருந்தது. எந்த வாயுவானாலும், எந்த உலோகத்தில் கேதோடு செய்தாலும், மின்னேற்றத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் மாறவில்லை. ஆக, எல்லாப் பொருளுக்கும் பொதுவான ஒரு துகள். ஹைட்ரஜன் அணுவின் நிறையில் ஏறத்தாழ 1837-ல் ஒரு பங்கு.

தாம்சனின் எலெக்ட்ரான் தனியன். அக்கம்பக்கம் யாருமில்லாத வெற்றிடத்தில் ஓடுவது. அந்தத் தனிமையில்தான் அதற்கு ஒரு நிலையான அடையாளம் கிடைத்தது. அந்த அடையாளமும் முழுமையானதல்ல. 1927-ல் அவருடைய மகன் ஜி.பி. தாம்சன், எலெக்ட்ரான் அலைபோல விளிம்புமாற்றம் அடைவதைக் காட்டினார். அப்பாவுக்குத் துகள், மகனுக்கு அலை. இருவருக்கும் நோபல் பரிசு. இருவரின் அளவீடுகளும் இன்றுவரை சரி.

இனி திடப்பொருளுக்குள் வருவோம். 1879-ல் எட்வின் ஹால் ஒரு விளைவைக் கண்டார். மின்னோட்டம் பாயும் தகட்டைக் காந்தப்புலத்தில் வைத்தால், மின்சாரத்தைச் சுமப்பவை ஒரு பக்கமாக ஒதுங்கும். அவை நேர்மின்னா எதிர்மின்னா என்பதை ஒதுங்கிய பக்கத்தின் குறி காட்டிக்கொடுத்துவிடும். எலெக்ட்ரான் எதிர்மின். ஆனால் சில பொருட்களில் அளந்தால் குறி நேர்மின்னாக வந்தது. இதென்ன கூத்து?

'துளை' என்ற கருத்தாக்கம் இங்கே வருகிறது. ரேஷன் கடை வரிசையில் முன்னால் ஒருவர் விலகுகிறார். பின்னால் நிற்பவர்கள் ஒவ்வொருவராக முன்னே நகர, காலியிடம் பின்னோக்கிப் போகிறது. எலெக்ட்ரான் இல்லாத இடமும் அப்படித்தான் நகர்கிறது என்று விளக்குவது வழக்கம். கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் உவமை பாதி வழியில் கைவிட்டுவிடும். வரிசையில் உண்மையாக நகர்வது ஆட்கள்தானே? அப்படியானால் ஹால் விளைவும் எதிர்மின் என்றே காட்டியிருக்க வேண்டும். 1929-ல் பையர்ல்ஸ் தந்த விடை வேறு. படிகத்துக்குள் எலெக்ட்ரான் அலையாகப் பரவுகிறது. அணுக்களின் ஒழுங்கான அடுக்கு அந்த அலையைத் திருப்பியடிக்கிறது. ஆற்றல் பட்டையின் மேல்விளிம்பில் இருக்கும் எலெக்ட்ரானை முன்னால் தள்ளினால் அது பின்னால் முடுக்கம் பெறுகிறது! அதன் நிறை எதிர்க்குறி கொண்டதுபோல ஆகிவிடுகிறது. அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒரு காலியிடம் விழுந்தால், அந்தக் காலியிடமே நேர்மின் துகளாக நடந்துகொள்கிறது. ஆக, துளை என்பது சும்மா ஒரு இன்மை அல்ல. எலெக்ட்ரான்களுக்கும் படிகத்துக்கும் உள்ள உறவின் பெயர். 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டேனும் இயக்கிக்காட்டிய ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் முக்கிய வேலை பார்த்தவை இந்தத் துளைகளே. வெற்றிடக் குடுவைக்குள் துளைக்கு இடமேயில்லை. படிகம் இருந்தால்தான் அது உண்டு.

மீக்கடத்தியில் சிக்கல் இன்னும் கூடுகிறது. 1911-ல் காமர்லிங் ஒன்னஸ் பாதரசத்தை 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்தபோது மின்தடை காணாமல் போயிற்று. 1926-ல் ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்தாயிற்று. தனி எலெக்ட்ரானின் விதி கையில். போர், ஹைசன்பர்க், ஃபெய்ன்மன் என்று பெரிய தலைகள் முயன்றும் மீக்கடத்தல் விளங்கவில்லை. 1957-ல்தான் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விடை கண்டார்கள். ஒன்றையொன்று விலக்க வேண்டிய எலெக்ட்ரான்கள், படிக அதிர்வின் தயவில் இணைசேர்கின்றன. ஓர் இணையின் பரப்புக்குள் லட்சக்கணக்கான வேறு இணைகளும் கலந்து கிடக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரே குவாண்டம் நிலை. எதிலாவது மோதி ஒன்று மட்டும் வழிதவற முடியாது, அதனால் தடையும் இல்லை. விதி தெரிந்தும் கூட்டத்தின் நடத்தை தெரிய மேலும் 31 ஆண்டுகள் ஆயின. 1986-ல் பெட்நோர்ஸும் முல்லரும் கண்ட செம்பு ஆக்சைடு மீக்கடத்திகளுக்கு எல்லோரும் ஒப்பும் விளக்கம் இன்றுவரை இல்லை. பகுதியே முழுமை என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எல்லாம் நாம் கட்டுகிற கதைதானா? அதுவும் இல்லை. ஹால் காட்டிய குறி யார் விருப்பத்துக்கும் மாறவில்லை. 2023-ல் கொரியாவிலிருந்து, அறை வெப்பத்திலேயே மீக்கடத்தும் பொருள் கிடைத்துவிட்டதாக அறிவிப்பு வந்தது, உலகமே பரபரத்தது, வேறு ஆய்வகங்கள் செய்துபார்த்ததும் சில வாரங்களில் அடங்கிப்போயிற்று. கதை கட்டலாம், பொருள் ஒத்துழைக்க வேண்டுமே!

தனிமனிதன், சமூகம் என்ற நம் விவாதத்துக்கு இதை அப்படியே இழுத்துக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடில்லை. மனிதர்கள் எலெக்ட்ரான்கள் அல்ல. இயற்பியல் தன் எல்லைக்குள் சொல்லித்தருவது இவ்வளவுதான்: ஒரு பொருள் 'என்ன' என்று கேட்கும்போது, அது எதற்குள், எவற்றோடு இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. துளை இருக்கிறதா என்றால், இருக்கிறது. படிகத்தை விட்டு வெளியே எடுத்துக் காட்டு என்றால் முடியாது. இரண்டும் ஒருசேர உண்மை.