உள்ளானின் கால் நிறம்

மரக்காணத்து உப்பளங்களின் நடுவே, பாத்திக்கும் பாத்திக்கும் இடையில் ஓடும் ஒரு மண் வரப்பின்மேல், மாசி மாதத்து விடியற்காலையில் நின்றுகொண்டு இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன். துப்பாக்கித் தொலைநோக்கிகளில் லியூபோல்டு உயர்ந்ததா, வோர்டெக்ஸ் உயர்ந்ததா, புஷ்னெல் போதுமா, ஸ்வரோவ்ஸ்கிக்கு அவ்வளவு விலை கொடுப்பது நியாயம்தானா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்கு விடை சொல்ல இந்த இடத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. எனக்குப் பின்னால் தெரியும் கழுவேலியோ 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. விளையாட்டுக்காகச் சுடுவோர்க்குத் தேவைப்படுமே என்றால், இங்கிருந்து தெற்கே உள்ள கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில், துப்பாக்கியின்மேல் தொலைநோக்கி பொருத்தவே விதிகள் இடம் தருவதில்லை. ஆகவே அந்தக் கண்ணாடிக்கு இந்தக் கரையில் உள்ள உண்மையான பிரயோஜனம் பார்ப்பது ஒன்றுதான். பார்ப்பதற்கென்றே அதே ஸ்தாபனங்கள் செய்து விற்கும் சாதனமோ இருகண் நோக்கி.

இரண்டுக்கும் ஒரே தொகையைக் கொடுத்தாலும் கண்ணுக்குக் கிடைக்கும் பலன் ஒன்றாக இராது. துப்பாக்கி பின்னுதைக்கும்போது விளிம்பு நெற்றியில் இடிக்காமலிருக்க மூன்று அங்குலத்துக்கும் மேல் கண்ணைத் தள்ளி வைக்கவேண்டும் என்பதாலும், அந்த உதையைத் தாங்கும் குழலுக்கும், குறிக்கோட்டுக்கும், நூறு மீட்டரில் ஏழு மில்லிமீட்டர் அளவு குறியை நகர்த்தும் திருகுகளுக்கும் பணத்தில் பெரும்பகுதி போய்விடுவதாலும், அதில் தெரியும் காட்சி குறுகியது. பார்ப்பதும் ஒற்றைக் கண். இருகண் நோக்கியிலோ செலவில் பெரும்பகுதி கண்ணாடிக்கும் பட்டகத்துக்குமே போகிறது.

இதோ என் கையில் இரண்டு இருகண் நோக்கிகள் இருக்கின்றன. ஒன்று நான் பல வருஷங்களுக்கு முன் மலிவாக வாங்கியது, அதன் பெயர் வேண்டாம். மற்றது நடுத்தர விலையில் உள்ள 8×42. எட்டு என்பது உருப்பெருக்கம். நாற்பத்திரண்டு என்பது முன்கண்ணாடியின் மில்லிமீட்டர் விட்டம். நாற்பத்திரண்டை எட்டால் வகுத்தால் வரும் 5.25 மில்லிமீட்டர்தான் கண்ணுக்குள் புகும் ஒளிக்கற்றையின் அகலம். பத்து மடங்கு என்ற ஆசையில் 10×42 வாங்கினால் அது 4.2 ஆகச் சுருங்கும். உச்சிப் பகலில் வித்தியாசம் தெரியாது. கண்மணி விரிந்திருக்கும் இந்த வைகறையில் தெரியும்.

மலிவானதைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்து, வானத்தை நோக்கித் திருப்புகிறேன். கண்வைக்கும் துளையில் தெரியும் ஒளிவட்டத்தின் ஓரங்கள் நறுக்கியதுபோல் சதுரமாக இருக்கின்றன, பாருங்கள். தரக்குறைவான பட்டகம் ஓரத்து ஒளியைத் தவறவிடுவதன் அடையாளம் அது. நடுத்தரத்தில் வட்டம் பூரணமாக இருக்கிறது. இனி முன்கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பு: மலிவானதில் வெள்ளையாகப் பளீரிடுகிறது, மற்றதில் பச்சையும் ஊதாவுமாக அடங்கித் தெரிகிறது. பூச்சு இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் நான்கு சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடக்கும்போது மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். அந்த இழப்பைத் தடுக்கும் பூச்சை 1935-இல் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மகுலா கண்டறிந்தார். விலைக்கும் தரத்துக்கும் உள்ள சம்பந்தத்தின் சூக்ஷ்மம் முக்கால்வாசி இந்தப் பூச்சிலேயே அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இந்த இரண்டு பரீட்சைகளையும் கடைக்காரர் முன்னிலையிலேயே நீங்கள் செய்துகொள்ளலாம்; காசு செலவில்லை.

இப்பொழுது அந்தத் தாழ்ந்த பாத்தியின் சேற்றோரத்தில் ஓடி ஓடிக் கொத்துகிற சிறு உள்ளானைப் பாருங்கள். கால் கறுப்பாயிருந்தால் கொசு உள்ளான். மஞ்சளும் பச்சையும் கலந்திருந்தால் டெம்மின்க் உள்ளான். மலிவான கண்ணாடியில் காலைச் சுற்றி ஊதா நிறக் கசிவு படர்ந்து, எந்த நிறமென்று தீர்மானிக்க முடியாமல் போகிறது. நடுத்தரத்தில் தீர்மானிக்க முடிகிறது. நண்பர் ஒருவர் இரவல் தந்த ஸ்வரோவ்ஸ்கியில், ஒரு லட்சத்துக்கும் வெகு அதிகமான அந்தச் சாதனத்தில், இதுபோன்ற பறவையின் இறகோரங்கள்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தன, அதை மறுக்கமாட்டேன். ஆனால் மலிவிலிருந்து நடுத்தரத்துக்கு ஏறும்போது அறியாமை அறிவாகிறது; அங்கிருந்து உச்சிக்கு ஏறும்போது அறிந்தது அழகாகிறது. நிகானின் நடுத்தர வகைகளும் வோர்டெக்ஸின் நடுத்தர வகைகளும் முதல் படியை ஏற்றிவிடப் போதுமானவை.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்ததாக இருக்கவேண்டும். என் மலிவான கருவி இந்த உப்புக்காற்றில் மூன்று மழைக்காலம் தாங்கவில்லை. உள்கண்ணாடியில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்து, வாங்கின விலையைவிடச் சுத்தம் செய்யும் கூலி அதிகம் என்றார்கள். வெளிக்கண்ணாடியில் படியும் உப்புத்துகளையும் சட்டை நுனியால் துடைக்கவேண்டாம். அந்தத் துகளே பூச்சைக் கீறிவிடும். நன்கு அடைத்த கருவியானால் முதலில் நல்ல தண்ணீரால் கழுவி, பிறகுதான் மெல்லிய துணியால் ஒற்றவேண்டும். வீட்டில் ஈரம் உறிஞ்சும் ஸிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

மணி ஒன்பதை நெருங்குகிறது. வெள்ளை உப்புக் குவியல்களின்மேல் கானல் எழும்பத் தொடங்கிவிட்டது. தொலைவில் பூநாரைகளின் வரிசை நீரில் கரைந்த சாயம்போல் நெளிகிறது. இனி லட்ச ரூபாய்க் கண்ணாடியும் நடுத்தர விலைக் கண்ணாடியும் இந்த வெளியில் ஒன்றே. கிட்டத்தில் நிற்கும் நம் உள்ளான் மட்டும் இன்னும் தெளிவாக இருக்கிறது. கால் கறுப்புத்தான், கொசு உள்ளான்.